தாய்ப்பறவையும் தேன்கூடும்

ஜே.சி. குமரப்பாவின் 'நிலைத்த பொருளாதாரம்' நம்மிடையே மிகுதியாகப் போற்றப்பட்டு, பாதி மட்டுமே வாசிக்கப்படும் நூல் என்றால் அது மிகையன்று. 1945-இல் 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்நூல் இரு பகுதிகளை உடையது. முதற்பகுதி தனிமனிதனைப் பற்றியது. இரண்டாம் பகுதி கூடிவாழும் மனிதனைப் பற்றியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலை வெளியிட்ட பிறகு, பூமியை நம் பொதுவான இல்லம் என்று பேசும் மேடைகளில் குமரப்பாவின் பெயரும் அவ்வப்போது கேட்கிறது. கேட்க மகிழ்ச்சியே. ஆனால் அங்கெல்லாம் எடுத்தாளப்படுவது முதற்பகுதிதான். அதிலும் தாய்ப்பறவை வரும் இடந்தான். இரண்டாம் பகுதிக்கு நம்மவர் போவதே இல்லை. இதனால் நாம் இழப்பது என்ன என்பதைச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

நூலாசிரியரைப் பற்றிச் சில சொற்கள். 1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ் என்பது அவர் பெயர். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணிபுரிந்தவர். மகன் இலண்டனில் கணக்காய்வுத் தொழில் கற்று, பம்பாயில் தணிக்கையாளராக நல்ல வருவாயோடு வாழ்ந்தார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்திய வறுமைக்கும் அரசின் நிதிமுறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியே அவரை 1929-இல் காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது. குமரப்பா என்ற குடும்பப் பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டார். 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் தங்கினார். 'நிலைத்த பொருளாதார'த்தை அவர் எழுதியது ஜபல்பூர்ச் சிறையில். இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றிய அவரது நூலும் அதே சிறையில்தான் உருவானது. இரண்டுக்கும் காந்தியடிகளே முன்னுரை வழங்கினார். ஒரே சிறைக்கூடத்தில் ஒரே கை எழுதிய இரு நூல்கள் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால், பொருளாதார நூலில் ஏன் நற்செய்தியின் வாசம் வீசுகிறது என்பது விளங்கும்.

குமரப்பா இயற்கையில் ஐந்து வகைப் பொருளாதாரங்களைக் காண்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் வாழ மூலத்தையே அழிக்கிறது. தோப்பில் புகும் குரங்கு மரத்தை அழிப்பதில்லை; ஆனால் அதற்காக ஒரு குடம் நீரும் சுமப்பதில்லை. மூன்றாவது, உழைத்து உண்ணும் நிலை: மனிதருள் உழவர் இவ்வகையினர். நான்காவது, தேன்கூட்டின் நிலை. தேனீ தனக்கென்று அன்றிக் கூட்டுக்கென்று சேர்க்கிறது. ஐந்தாவதும் உச்சியுமான நிலை, குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் சேவை. கைம்மாறு கருதாத அன்பு அது. கொள்ளையன், முடிச்சவிழ்ப்பவன், உழவன், கூட்டுக்குடும்பமும் கூட்டுறவுச் சங்கமும், தன்னலமற்ற தொண்டன் என்று மனித வாழ்விலும் இதே படிகளைக் காட்டுகிறார்.

இந்தப் படிக்கட்டின் அழகை யாரும் மறுக்க முடியாது. பொருளியல் நூல்களில் இவ்வளவு எளிமையாக உயிர் பெற்ற உவமைகளைக் காண்பது அரிது. ஆயினும் இங்கேதான் நம் ஐயமும் தொடங்குகிறது. உச்சிப்படியில் தாய்ப்பறவையை வைத்ததால், நான்காம் படியை வெறும் வழித்தங்கலாக எண்ணிவிடும் பழக்கம் வாசகருக்கு ஏற்படுகிறது. நமக்கோ இது இயல்பாகவே பிடித்துப்போகிறது. பிறரன்புப் பணி நம் மரபு. உண்டியல் நமக்குத் தெரிந்த கருவி. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற காட்சி நமக்குப் பழக்கமானது. தேன்கூட்டிலோ கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. அங்கே நன்றியறிதலுக்கு இடமில்லை, முறைக்கும் பங்குக்கும் கணக்குக்குமே இடமுண்டு. மறையுரைக்கு அது அவ்வளவாக உதவாது.

பொதுச்சொத்து என்பது தாய்ப்பறவையால் காக்கப்படுவதா, தேன்கூட்டால் காக்கப்படுவதா? இதை ஏட்டில் மட்டும் வைத்துத் தீர்க்க இயலாது. ஆகவே குமரப்பா பிறந்த அதே காவிரி நாட்டில், திருச்சிக்கு மேற்கே ஆற்றின் வடகரையில் உள்ள முசிறியில் வைத்து இந்நூலை வாசித்துப் பார்ப்போம். எதிர்க்கரையில் குளித்தலை. நடுவில் அகன்று கிடக்கும் மணல். கரையோரம் நெல்லும் வாழையும் கரும்பும்.

ஓடிக்கொண்டே இருப்பதால் தீராத செல்வம் ஒன்று, தேங்கிக் கிடப்பதால் எடுக்க எடுக்கத் தீரும் செல்வம் மற்றொன்று என்று குமரப்பா பிரிக்கிறார். ஆறும் காடும் முன்னதைச் சேர்ந்தவை. நிலக்கரியும் பெட்ரோலும் பின்னதைச் சேர்ந்தவை. பின்னதைச் சார்ந்த நாகரிகம் போரில் முடியும் என்பது அவர் கருத்து. அதை உலகம் மெய்ப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் முசிறியில் நின்று பார்ப்பவருக்கு இந்தப் பிரிவு அவ்வளவு தெளிவாக இல்லை. ஒரே காவிரி நீராக ஓடும் செல்வமாகவும் மணலாகத் தேங்கிய செல்வமாகவும் இருக்கிறது. நூற்றாண்டுகளாக ஆறு சேர்த்துவைத்த மணலைச் சில பத்தாண்டுகளில் லாரிகள் ஏற்றிச் சென்றன. மணல் போனால் ஆற்றின் படுகை தாழும். படுகை தாழ்ந்தால், பழைய மட்டத்தில் வெட்டப்பட்ட வாய்க்கால் தலைப்பு மேலே தூக்கி நிற்கும். ஆற்றில் நீர் இருந்தும் வாய்க்காலுக்குள் ஏறாது. ஆகவே ஓடும் செல்வம் தன்னியல்பால் மட்டும் நிலைப்பதில்லை. யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பு இல்லாத இடத்தில் ஆறும் நிலக்கரிச் சுரங்கமாகிவிடும். நூலின் இந்தப் பகுதிக்கு இன்று ஒரு திருத்தம் தேவை என்பது நம் துணிபு.

அந்த வரம்புக்கு நம் முன்னோர் வைத்திருந்த பெயர்களுள் ஒன்று குடிமராமத்து. வாய்க்காலில் நீர் வருமுன் கோரையும் வண்டலும் நீக்கிக் கரை கட்டுவது, அவ்வாய்க்காலால் பாயும் நிலத்துக்கு உரியவர்களின் பொதுக்கடமை. அவரவர் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள் வரவேண்டும். இவ்வழக்கம் சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டத்தால் கட்டாய உழைப்பாக்கப்பட்டது. ஊரார் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது அரசின் ஆணையாக மாறியது. மெல்ல மெல்ல வாய்க்காலும் ஏரியும் 'சர்க்கார் சொத்து' என்ற எண்ணம் வேரூன்றியது. குமரப்பாவின் தந்தையார் பணிபுரிந்த துறையே அந்த எண்ணத்தின் உருவம் எனலாம்.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரையே மீட்டு ஒரு திட்டம் தொடங்கியது. முதற்கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. பாசனதாரர் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது விதி. தூர்வாரப்பட்ட நீர்நிலைகளால் பயன் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது பங்கு மேலிருந்து வருமிடத்தில் அந்தப் பத்தாவது பங்கு எளிதில் ஒரு சடங்காகிவிடும். உழைப்பு எவருடையது என்பதைவிடக் கணக்குப் புத்தகம் எவர் கையில் என்பதே கேள்வி. பழைய குடிமராமத்தில் அது ஊரார் கையில் இருந்தது. எந்த ஊராரின் கையில் என்ற கேள்விக்குப் பிறகு வருவோம்.

முசிறிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதைச் சொல்லக் கூசுவோர் கூசட்டும். 2006-இல், முசிறி இன்னும் பேரூராட்சியாக இருந்த காலத்தில், சாலியர் தெருவில் ஒரு பொதுக் கழிப்பறை கட்டப்பட்டது. திருச்சியைச் சேர்ந்த 'ஸ்கோப்' என்னும் தொண்டு நிறுவனத்தின் முயற்சி அது. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமன் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அக்கழிப்பறையில் மலமும் சிறுநீரும் தனித்தனியே பிரிந்து சேர்ந்தன. மலம் சாம்பல் தூவப்பட்டு, நீர் படாமல், மாதக்கணக்கில் மூடிய அறையில் கிடந்து மணமற்ற எருவானது. சிறுநீர் பயிருக்கு உரமாயிற்று. சில காலம் சென்றபின், பயன்படுத்துவோருக்கு ஒரு முறைக்குப் பத்துப் பைசா வீதம் கொடுக்கத் தொடங்கினர். நாளிதழ்கள் இதை வேடிக்கைச் செய்தியாக எழுதின. (அந்தப் பத்துப் பைசா நாணயமே 2011-க்குப் பிறகு செல்லாமற்போனது.)

வேடிக்கை பார்க்கும் கண்ணுக்கு ஒன்று தப்பிவிடுகிறது. எங்கும் கழிப்பறைக்குச் செல்பவர் காசு கொடுக்கிறார். இங்கே அவருக்குக் காசு தரப்பட்டது. ஏன்? அவர் அங்கே விட்டுச் செல்வது கழிவு அன்று, வயலுக்குரிய முதல் என்று ஏற்றுக்கொண்டதால். ஆற்றங்கரையை அசுத்தமாக்கிய ஒன்று, வயலுக்குத் திரும்பும் செல்வமாயிற்று. கிராமத் தூய்மையும் நிலத்தின் எருவும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்று வார்தாவில் குமரப்பாவும் தோழர்களும் பாடுபட்டதற்கு இதைவிடச் சிறந்த உரையை நாம் கண்டதில்லை. அத்தோடு இன்னொன்றும் உண்டு. பத்துப் பைசா கொடுக்க வேண்டுமானால் யார் எத்தனை முறை வந்தார் என்று எண்ண வேண்டும். சாம்பல் தீர்ந்தால் யார் கொண்டுவருவது, அறை நிரம்பினால் எந்நாளில் மூடுவது, எருவை யாருக்குக் கொடுப்பது என்றெல்லாம் முறை வேண்டும். அன்பு மட்டும் இருந்து சாம்பல் இல்லாமற்போனால் அக்கழிப்பறை ஒரு வாரம்கூட நிலைக்காது. சிரிப்புக்காகச் சொல்லவில்லை, நூலின் நான்காம் படி கேட்பது இத்தகைய சாம்பற் கணக்கைத்தான்.

பொதுவில் விடப்பட்ட மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும், ஏனெனில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டை ஓட்டிவரவே விரும்புவர் என்று அமெரிக்க உயிரியலாளர் கேரட் ஹார்டின் 1968-இல் எழுதினார். அக்கட்டுரை உலகெங்கும் பரவி, பொதுநிலத்தை அரசுக்கோ தனியாருக்கோ எழுதிவைக்க விரும்பியவர்களுக்கு வேதவாக்காயிற்று. எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் வேறுவழியில் சென்றார். மேய்ச்சல் மலைகள், மீன்பிடி கடல்கள், பாசன வாய்க்கால்கள் என்று உண்மையான பொதுச்சொத்துகளை ஆராய்ந்தார். நூற்றாண்டுகளாக அழியாமல் நிற்பவை பலவற்றைக் கண்டு, எதனால் நிற்கின்றன என்று 1990-இல் ஒரு நூலில் விளக்கினார். உறுப்பினர் யார் என்ற எல்லை தெளிவாக இருக்கவேண்டும். விதியை அதற்குட்பட்டவர்களே வகுக்கவேண்டும். கண்காணிப்பவர் அவர்களுக்கே பதில் சொல்லவேண்டும். மீறியவருக்குத் தண்டனை சிறிதாகத் தொடங்கவேண்டும். வழக்கை ஊரிலேயே விரைவாகத் தீர்க்க இடம் வேண்டும். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதற்பெண்மணி அவரே. அவர் எழுதிய ஊர்களுள் ஒன்று ஸ்பெயின் நாட்டு வலென்சியா. அங்கே எட்டு வாய்க்கால்களின் பாசனதாரர் தேர்ந்தெடுத்த பேராளர்கள் வியாழன்தோறும் நண்பகலில் கூடி நீர் வழக்குகளைத் தீர்க்கின்றனர். எழுத்து இல்லை, வழக்கறிஞர் இல்லை, எல்லாம் வாய்மொழி. கூடுமிடம் அந்நகரப் பேராலயத்தின் வாயில். திருத்தூதர் வாயில் என்று அதற்குப் பெயர்.

பெயர் தற்செயலாக அமைந்திருக்கலாம். நமக்கோ அது திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை நினைவூட்டுகிறது. முதற் கிறிஸ்தவர்கள் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தனர் என்ற இரண்டாம், நான்காம் அதிகாரப் பகுதிகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். அடுத்து நடந்ததைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நாள்தோறும் நடந்த பங்கீட்டில் கிரேக்கமொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டனர், முணுமுணுப்பு எழுந்தது. தூய ஆவியால் நிரம்பிய சபையில், திருத்தூதர்களின் கண்முன்னே, பொதுப்பந்தியில் ஒரு சாரார் பட்டினி. திருத்தூதர்கள் இன்னும் அதிக அன்பு காட்டுங்கள் என்று மறையுரை ஆற்றி முடித்துக்கொள்ளவில்லை. மக்களைக் கூட்டினர், எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர், பந்தியின் பொறுப்பை அவர்களிடம் விட்டனர். ஸ்தேவான், பிலிப்பு முதலான அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்ட தரப்பாரின் பெயர்கள் அவை. தாய்ப்பறவையின் அன்பால் தொடங்கிய சபை தேன்கூட்டின் ஒழுங்கை ஏற்ற நாள் அது. நாம் அதைத் திருத்தொண்டர் பணியின் தொடக்கமாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம்.

இந்த இடத்தில் குமரப்பாவின் இரண்டாம் பகுதிமேல் நமக்குள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். அதில் செறிவு மிகுதி. ஊரின் சத்துணவுத் தேவையைக் கணக்கிட்டு, அதற்கேற்ப நிலத்தைப் பயிர்களுக்குப் பகிர்தல். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் தானியத்தைச் சேமித்து, மிகுதியை மட்டும் வெளியே அனுப்புதல். இவையெல்லாம் இன்றும் யாரும் நடத்திப் பார்க்காத திட்டங்கள். ஆனால் ஊர் என்பது ஓருடல் என்றே அவர் பெரும்பாலும் எண்ணுகிறார். நம் ஊர்கள் ஓருடலாக இருந்ததில்லை. மடையைத் திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித் மக்களே. வாய்க்காலின் நெளிவு சுளிவு எல்லாம் அறிந்தவர் அவர். அவ்வாய்க்காலால் பாயும் நிலமோ பெரும்பாலும் பிறருடையது. குடிமராமத்துக்கு 'ஆள் அனுப்பிய' நிலக்கிழாரையும் அனுப்பப்பட்ட ஆளையும் ஒரே ஊரார் என்று எழுதிவிட்டால் கணக்கு தவறிவிடும். எருவைப் பற்றிய பேச்சிலும் இதே கேள்வி உண்டு: மலத்தை எருவாக்கலாம் சரி, அள்ளுவது யார்? இந்நாட்டில் அதற்கு விடை ஒரு சாதியின் பெயராக இருந்தது. 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றிய பின்னும் அவ்விடை முற்றும் மாறவில்லை. முசிறிக் கழிப்பறை நம் மதிப்பில் உயர்வதற்கு இதுவே பெருங்காரணம்: பச்சை மலத்தை எந்த மனிதரும் கையால் தொட வேண்டாதபடி அதன் அமைப்பே அந்த விடையை மாற்றியது. நற்பண்பை நம்பாமல் சுவரையும் குழாயையும் சாம்பலையும் நம்பிய சீர்திருத்தம் அது.

சுவர் என்றவுடன் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் ஒரே ஞானத்தந்தையிடம் திருமுழுக்குப் பெற்றவர்களைச் சாவிலும் பிரித்து நிற்கும் சுவர்கள் கண்முன் வருகின்றன. பொதுவான இல்லத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டா என்று அவை கேட்கின்றன.

கூட்டுறவு என்ற சொல் தமிழகத்தில் இளைத்துப்போனதற்கும் இதுவே காரணம் எனலாம். 1904-இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் இந்தியாவின் முதற்கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. இன்று அச்சொல்லைக் கேட்டால் மக்கள் நினைவுக்கு வருவது நியாயவிலைக் கடை, நகைக்கடன், தள்ளுபடி. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தது. நொந்த உழவருக்கு அது தேவையான மருந்து. அதைக் குறைகூற நாம் வரவில்லை. எனினும் ஒவ்வொரு தள்ளுபடியும் உறுப்பினரிடம் அவர் சங்கத்தின் உரிமையாளர் அல்லர், பயனாளி என்று சொல்லாமற் சொல்கிறது. இதற்கு மாறாக, 1970-களில் கோட்டாறு மறைமாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் எழுந்த மீனவர் சங்கங்களைப் பார்க்கலாம். கடன் கொடுத்த வணிகரிடமே மீனை விற்றாக வேண்டும் என்ற கட்டை அவை அறுத்தன. கடலிலிருந்து வந்த மீனைச் சங்கமே ஏலமிட்டது. அன்றைய வருவாயிலேயே கடனுக்கு ஒரு பங்கும் சேமிப்புக்கு ஒரு பங்கும் பிடிக்கப்பட்டன. பாடு இல்லாத நாளில் தவணையும் இல்லை. மீனவரின் வாழ்வைத் தெரிந்தவர் வகுத்த விதி அது. குருக்களும் துறவியரும் அங்கே உழைத்தனர். ஆனால் சங்கம் நின்றது ஏலத்தட்டின் அருகே வைத்த கணக்கால்.

காணாத மனிதர் கூடிச் செய்யும் வேலைக்கும் இது பொருந்தும். 1998-இல் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' தமிழ் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றி, உலகில் யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி வைத்தது. சுவிட்சர்லாந்தில் வாழும் அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். ஒருவர் தட்டச்சு செய்தார், வேறு நாட்டிலிருந்து இன்னொருவர் பிழை திருத்தினார். நம் வீரமாமுனிவரின் தேம்பாவணியும் அங்கே உண்டு. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வழியில் வளர்ந்ததே. இவற்றைச் சேவை என்று பாராட்டிவிட்டு நகர்வது எளிது. உள்ளே சென்று பார்த்தால், எந்தத் திருத்தம் நிற்கலாம், எது நீக்கப்படும், யார் அதை முடிவுசெய்வது என்ற விதிகளும், செய்தவர் பெயரோடு ஒவ்வொரு மாற்றத்தையும் காட்டும் வரலாற்றுப் பக்கமும் இருக்கின்றன. குமரப்பா இருந்திருந்தால் அந்த வரலாற்றுப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டியிருப்பார். அவர் தணிக்கையாளர் அல்லவா! எடுத்தால் குறையாத செல்வத்துக்கே இவ்வளவு காவல் வேண்டுமென்றால், எடுத்தால் குறையும் மணலுக்கும் நீருக்கும் எவ்வளவு வேண்டும்?

குமரப்பா காந்தியடிகளிடம் வந்தவுடன் அவருக்குக் கிடைத்த வேலை, குஜராத்தின் மாதர் வட்டத்து ஊர்களைக் கணக்கெடுப்பது. மேற்கத்திய உடையில் பழகிய தணிக்கையாளர், குஜராத்தி மொழி அறியாதவர், வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். ஒவ்வொரு குடும்பத்தின் நிலம், விளைச்சல், வரி, கடன் ஆகியவற்றைக் கேட்டு எழுதினார். 'நிலைத்த பொருளாதார'த்தின் இரண்டாம் பகுதிக்கு வித்து அந்த நடையில்தான் விழுந்தது. திருச்சியைச் சுற்றியுள்ள நம் கல்லூரி மாணவர்களும் பங்கு இளைஞர்களும் காவிரி வடகரை வாய்க்கால் ஒன்றைத் தலைப்பிலிருந்து கடைமடைவரை நடந்து, யார் நிலம் எவ்வளவு, யாருக்கு முதலில் நீர், யாருக்குக் கடைசியில், தூர் எடுத்த நாளில் மண்வெட்டி பிடித்தவர் யார், கூலி பெற்றவர் யார், கையெழுத்திட்டவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால், அதை இந்நூலின் இரண்டாம் பகுதியோடு சேர்த்துக் கட்டலாம். மாதர் வட்டக் கணக்கெடுப்பு நடந்தபோது குமரப்பாவுக்கு வயது முப்பத்தெட்டைத் தாண்டவில்லை.